சிவப்பு நூல் கட்டிய ராகி

தேன்கனிக்கோட்டை வயல்நிலையம்,
4 செப்டம்பர் 2023

மரியாதைக்குரிய மாமாவுக்கு மாதேஸ்வரி எழுதிக்கொள்வது. சளியைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நேற்று போனில் என்னோடு கத்தியதில் ஏறிய உங்கள் ரத்தக்கொதிப்பு இதற்குள் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். அக்காவையும் தர்ஷினியையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

"எதுவா இருந்தாலும் எழுத்துல கொடு, வாயால பேசாதே" என்றீர்கள். ஆய்வகத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கும். நல்லது. இனி எழுத்துதான். உங்கள் எண்ணை என் போனில் தடுத்துவிட்டேன். மண் மாதிரிப் பையோடு இந்தக் கடிதம் ஓசூர் பஸ்ஸில் வரும். பதில் போட மனம் வந்தால் அதே கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புங்கள். பொறுப்பான மனிதர். உங்களைப் போலக் கத்துவதில்லை.

முதல் விஷயம். விதைக் கம்பெனிக்காரனின் ரகத்தைப் போட்டுப் பார்க்க என் வயலில் பாதியைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? நம் குழுவின் பெயர் பயிர் மரபியல் ஆராய்ச்சிக் குழு. கம்பெனிக்கு நிலம் பிடித்துக் கொடுக்கிற தரகர் குழு இல்லை. இந்தக் காட்டோரத்தில் ஐந்து வருடமாகக் கிடந்து, இரண்டு ராகிகளை மகரந்தம் மாற்றி ஒட்டி, அதன் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்து, குலைநோய் தொடாத ஒரு வரிசையைப் பிடித்திருக்கிறேன். போன வருடம் சுற்றுவட்டாரம் முழுக்கக் கதிர்க் கழுத்து கருகிப் பதராகிப் போனபோதும் அது மட்டும் நின்றது. இந்த முறையும் நின்றால் மாநில அளவிலான சோதனைக்குப் போகும். என் முனைவர் பட்டமும் அதில்தான் இருக்கிறது. உங்கள் மச்சினி என்பதால் எனக்கு இடம் கிடைத்தது என்று குழுவில் பேசுகிறார்கள். நுழைவுத் தேர்வில் முதலாவதாக வந்தவள் இவள் என்று சொல்ல ஒரு நாளாவது வாயைத் திறந்தீர்களா? கத்துவதற்கு மட்டும் நன்றாகத் திறக்கிறது.

இரண்டாவது விஷயம். போன கோடையில் ஆய்வகத்துக் குளிர்ப்பெட்டி நின்றுபோனது. பழுது பார்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே ஓட்டினீர்கள். விதைக்க எடுத்து வைத்தது போக என் மிச்ச விதை அத்தனையும் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடித்துப் போனது. இன்றைக்கு இந்த வரிசைக்கென்று உலகத்தில் இருப்பது என் வயலில் நிற்கும் செடிகள்தான். வேறு எங்கும் ஒரு மணிகூடக் கிடையாது.

மூன்றாவது, நூல். பழைய பேராசிரியர் காலத்திலிருந்து சிவப்பு நூல் கட்டிய செடியைப் பிடுங்கிப் போடுவது, வெள்ளை நூல் கட்டியதை வைத்துக்கொள்வது என்று நம் குழுவில் ஒரு வழக்கம். வெள்ளை நூல் இரண்டு மழைக்கு மண் நிறமாகிவிடுகிறது. தேடித் தேடிக் கண் பூத்துப் போகிறது. அதனால் இந்தப் பருவத்திலிருந்து மாற்றிவிட்டேன். ரகம் மாறி முளைத்த கலப்புச் செடியைக் கண்ட அன்றே நானே பிடுங்கிவிடுகிறேன். சிவப்பு நூல் கட்டியதுதான் காப்பாற்ற வேண்டிய செடி. நூல் இல்லாதவையெல்லாம் நோயைப் பரப்புவதற்கென்றே விட்டு வைத்த நோஞ்சான்கள். எழுத்தில் கேட்டீர்கள், எழுத்தில் சொல்லிவிட்டேன்.

உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அக்கா சொன்னால்தான் கேட்க மாட்டீர்கள், டாக்டர் சொன்னதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மச்சினி,
மாதேஸ்வரி


ஓசூர் ஆய்வகம்,
21 செப்டம்பர் 2023

மாதேஸ்வரிக்கு ஆசிகள். இங்கே மூவரும் சுகம். உன் அக்காவுக்கு மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை. உன் சளிக்கு ஆவி பிடி.

உன் கடிதம் வந்தது. முதல் பக்கம் படித்தேன். தரகன் என்று என்னைத் திட்டியிருந்த இடத்தோடு மடித்து இழுப்பறையில் போட்டுவிட்டேன். என் வயதுக்கும் பதவிக்கும் அதற்குமேல் படிக்க வேண்டிய தலையெழுத்து எனக்கில்லை.

குழுவுக்குத் தலைவன் நானா, நீயா? நீ இலை மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஓட்டுகிற மரபணுச் சோதனைக் கருவி எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? அந்தக் கம்பெனி கொடுத்தது. பாதி வயல் கொடுக்க மாட்டாயானால் அடுத்த பருவத்தில் முழு வயலும் போகும். உன் ஆய்வு உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. அதை நீட்டிக்கக் கையெழுத்துப் போட வேண்டிய கை என்னுடையது. அந்தக் கையைக் கடிக்காதே.

இன்னொன்று. பர்கூரிலிருந்து அத்தை பேசினார்கள். பெற்ற மகள் தன் பேச்சைக் கேட்க மாட்டாள் என்று என்னிடம் சொன்னார்கள். நவம்பர் முதல் வாரம் உன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை சிப்காட்டில் இன்ஜினியர், நல்ல குடும்பம். போய் அடக்கமாக நின்றுவிட்டு வா.

ஆனந்தராஜ்


தேன்கனிக்கோட்டை வயல்நிலையம்,
17 அக்டோபர் 2023

மாமாவுக்கு வணக்கம். ஆவி பிடித்தேன், சளி போய்விட்டது. அக்காவின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

நோய் வந்துவிட்டது. நான் எதிர்பார்த்ததைவிடப் பலமாக வந்திருக்கிறது. வரப்பில் நின்று பார்த்தால் என் வயல் பாதி காய்ந்து பழுப்பாகக் கிடக்கிறது. ஆனால் நான் கட்டிவைத்த செடிகள் மட்டும் பச்சையாக நிற்கின்றன! ஒரு கழுத்துகூடக் கருகவில்லை. நேற்று சாயங்காலம் அதற்கு நடுவில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். களையெடுக்க வந்த மங்கம்மா, "இன்னா கண்ணு, காத்து கருப்பு புடிச்சுதா?" என்று பயந்துவிட்டாள். உங்களோடு எனக்கு ஆயிரம் சண்டை இருந்தாலும் இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? பார்த்தால் உங்களுக்குத்தான் புரியும்.

அதனால் நவம்பர் முதல் வாரம் பர்கூருக்கு வரமாட்டேன். கதிர் முற்றி வருகிற நேரம். யானைக்கூட்டம் காட்டோரம் வந்துவிட்டதாக வனத்துறை வண்டி ஊர் ஊராக மைக்கில் சொல்லிக்கொண்டு போகிறது. மாப்பிள்ளை எங்கும் ஓடிப்போக மாட்டார், டிசம்பரில் வரச்சொல்லுங்கள்.

மாதேஸ்வரி


ஓசூர் ஆய்வகம்,
28 அக்டோபர் 2023

மாதேஸ்வரிக்கு. எல்லாரும் சுகம். ஒத்தடம் கொடுத்தும் உன் அக்காவுக்கு வலி குறையவில்லை. உன்னால் வருகிற தலைவலி தனி. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தேதி சொல்லி, அத்தை சொந்தபந்தத்தையெல்லாம் கூப்பிட்டுவிட்டார்கள். நீ வரமாட்டேன் என்கிறாய் என்று தெரிந்ததிலிருந்து உன் அக்கா பூங்கொடி சோறு இறங்காமல் அழுகிறாள்.

வெள்ளிக்கிழமை கிளம்பிப் போ. பல்கலையின் ஆய்வுக் குழு அன்றைக்கே வயல்நிலையத்தைப் பார்க்க வருகிறது. நானே வந்து பார்த்துக்கொள்கிறேன். நீ இல்லாவிட்டால் செடி செத்துவிடாது. நீ பென்சில் பிடிக்கப் பழகாத காலத்திலேயே நான் ராகி ஒட்டியவன்.

ஆனந்தராஜ்


ஓசூர் ஆய்வகம்,
5 நவம்பர் 2023
(பர்கூர் வீட்டு முகவரிக்கு)

மாதேஸ்வரிக்கு. பெண் பார்த்த நிகழ்ச்சி நல்லபடியாக முடிந்திருக்கும். அத்தையின் உடம்பு எப்படி இருக்கிறது?

வருத்தமான செய்தி. வயலில் யானை இறங்கிவிட்டது. உன் வரிசையில் பெரும்பகுதி போய்விட்டது. இயற்கையோடு யாரால் சண்டை போட முடியும்? மிஞ்சிய கதிர்களை நான் பத்திரமாக எடுத்து வந்துவிட்டேன், கவலைப்படாதே. நீ அவசரப்பட்டு ஓடிவர வேண்டாம். தீபாவளி முடியும் வரை அம்மாவோடு இரு.

அன்புடன்,
மாமா


தேன்கனிக்கோட்டை வயல்நிலையம்,
9 நவம்பர் 2023

டாக்டர் ஆனந்தராஜ் அவர்களுக்கு.

உங்கள் சுகத்தை விசாரிக்க எனக்கு இப்போது மனமில்லை. அம்மா சுகம். அக்கா அழுகிறாள் என்று எழுதினீர்களே என்றுதான் வயலை விட்டுப் போனேன். தீபாவளிக்கு இருக்கச் சொன்னீர்கள், இருக்கவில்லை. கடிதத்தின் அடியில் "அன்புடன், மாமா" என்று போட்டிருந்தீர்கள். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் போடாத அன்பு. அதைப் பார்த்ததும்தான் பையை எடுத்தேன். கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன்.

யானை இறங்கினால் வேலி சாயும். வரப்பு உடையும். சாணி கிடக்கும். இங்கே ஒரு வேலிக்கம்பம் சாயவில்லை. நோய் பிடித்த நோஞ்சான்கள் ஒன்று விடாமல் நிற்கின்றன. நான் நூல் கட்டிய செடிகள் இருந்த இடத்தில் மட்டும் குழி. எந்த ஊர் யானை, சார், சிவப்பு நூலாகப் பார்த்துப் பார்த்துப் பிடுங்குகிறது?

மங்கம்மாவைக் கேட்டேன். மறைக்க அவளுக்கு ஒன்றும் இல்லை. "பெத்த சாரு, அதான் உன் மாமா, கார்ல வந்தாரு. பெரிய ஆளுங்க வர்றாங்க, வயலு ஒரே நெறமா இருக்கோணும், பச்சையும் பழுப்புமா நிக்குதேன்னாரு. சிவப்பு நூலு கட்டுனதெல்லாம் கலப்பு, வெரசா புடுங்குங்கன்னாரு. நீ சொல்லித்தான் சொல்றாருன்னு நெனச்சோம் கண்ணு. நீங்க ரெண்டு பேரும் ஒரே வூட்டு ஆளுங்கதானே?" என்றாள். ஒரே வீட்டு ஆட்கள்!

ராகி ஒட்டியவன் என்று பீற்றிக்கொண்டீர்களே, வரப்பைவிட்டு ஒரு எட்டு இறங்கி, ஒரே ஒரு கதிரைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கக் கூடாதா? நோய் சுற்றிலும் தின்றிருக்கும்போது பச்சையாக நிற்கிற செடியைப் பிடுங்கச் சொல்ல எப்படி வாய் வந்தது? ஷூவில் சேறு படும் என்று நின்ற இடத்திலிருந்தே விரலை நீட்டியிருக்கிறீர்கள். கார் ஏறியபிறகு கதிரைப் பார்த்துச் செய்த காரியம் உறைத்திருக்கிறது. அதனால்தான் அள்ளிப் போட்டுக்கொண்டு போனீர்கள். போகிற வழியில் யானையைக் கண்டுபிடித்தீர்கள்.

மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் இந்தக் காட்டு வேலை எதற்கு என்று கேட்டார். அதற்காக அக்கா, "இனி என் வாசப்படி மிதிக்காதே" என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிவிட்டாள். இந்த விஷயம் எதையும் நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு நீங்கள்தான் உலகம். அதையும் பிடுங்கிப் போட எனக்கு இஷ்டமில்லை.

கதிர்களை உடனே அனுப்புங்கள்.

மாதேஸ்வரி


தேன்கனிக்கோட்டை வயல்நிலையம்,
11 டிசம்பர் 2023

டாக்டர் ஆனந்தராஜ் அவர்களுக்கு. நான் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். பஸ் வரும்போதெல்லாம் கண்டக்டரிடம் போய் நிற்கிறேன். "ஒண்ணும் வரலம்மா" என்று சொல்ல அவருக்கே சங்கடமாக இருக்கிறது. என் விதை எங்கே?

மாதேஸ்வரி


ஓசூர் ஆய்வகம்,
8 ஜனவரி 2024

செல்வி மாதேஸ்வரி,
ஆய்வு மாணவி.

தங்கள் நவம்பர், டிசம்பர் மாதக் கடிதங்கள் கிடைத்தன. அவற்றில் உள்ள மரியாதைக் குறைவான சொற்களைப் பொருட்படுத்தவில்லை.

குழுவில் சிவப்பு நூல் என்றால் நீக்க வேண்டிய செடி. இது எல்லாரும் அறிந்த நடைமுறை. அதைத் தாங்கள் மாற்றியதாக எனக்கு எழுத்துபூர்வமான தகவல் ஏதும் வரவில்லை. விசாரணை என்று வந்தால், நடைமுறையை மீறிய குற்றம் தங்களுடையதாகவே இருக்கும்.

இத்துடன் வயல் சேத அறிக்கையை இணைத்துள்ளேன். யானைகளால் பயிர் அழிந்தது என்று அதில் உள்ளது. வயல் பொறுப்பாளர் என்ற முறையில் தாங்கள் கையெழுத்திட வேண்டும். அறிக்கை வந்து சேர்ந்தால் தங்கள் உதவித்தொகை மேலும் ஒரு வருடத்துக்கு நீட்டிக்கப்படும். எடுத்து வந்த கதிர்களை உலர்த்தி, உதிர்த்து, பையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதுவும் தங்களிடம் ஒப்படைக்கப்படும். கையெழுத்து வராவிட்டால் எதற்கும் நான் பொறுப்பில்லை.

பூங்கொடியிடம் சொல்லாமல் இருந்தது நல்லது. அப்படியே இருக்கட்டும். பொங்கல் வாழ்த்துகள்.

ஆனந்தராஜ்
குழுத் தலைவர்


தேன்கனிக்கோட்டை வயல்நிலையம்,
19 ஜனவரி 2024

குழுத் தலைவர் அவர்களுக்கு. உங்கள் வாழ்த்து பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. பானைதான் ஏற்றவில்லை. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது?

உங்கள் இழுப்பறையைத் திறங்கள். செப்டம்பரில் நான் எழுதியதை, தரகன் என்ற சொல்லோடு மடித்துப் போட்டதாகச் சொன்னீர்களே, அதை எடுங்கள். முதல் பக்கத்தைத் திருப்புங்கள். மூன்றாவது விஷயம் என்று இருக்கும். படித்தாகிவிட்டதா? எழுத்தில் கொடு, எழுத்தில் கொடு என்று குதித்தீர்கள். கொடுத்தேன். கோபத்தில் படிக்காமல் போட்டது நீங்கள். அந்த ஒரு பக்கத்தைத் திருப்பியிருந்தால் இன்றைக்கு நாம் இருவரும் சேர்ந்து அந்த ராகிக்குப் பெயர் வைத்துக்கொண்டிருப்போம்.

இதை வைத்து உங்களைத் தெருவுக்கு இழுக்க என்னால் முடியும். இழுக்கவும் ஆசைதான். ராத்திரி படுத்தால் அதே நினைப்பு. துணைவேந்தர் முன்னால் நீங்கள் திருதிருவென்று முழிப்பதை நினைத்தால் வயிறு குளிர்கிறது. ஆனால் விசாரணை, அதற்கு ஒரு குழு, அதற்கு ஒரு தேதி என்று இழுத்துக்கொண்டே போகும். அதுவரை என் விதை உங்கள் அலமாரியில் கிடக்கும். குளிர்ப்பெட்டியைப் பார்த்துக்கொண்ட லட்சணம்தான் எனக்குத் தெரியுமே. இந்தத் தைப்பட்டத்துக்கு மண்ணில் விழாவிட்டால் அப்புறம் அது முளைக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

அதனால் கையெழுத்துப் போட்டுவிட்டேன். காகிதம் இத்துடன் வருகிறது. வாயில்லாத ஜீவன்மேல் பழி போட்டுப் பொய் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு எவனாவது இந்தப் பொய்யைக் கிளறினால் உங்கள் பெயர் வராது, என் பெயர்தான் வரும். அதுவும் தெரிந்துதான் போட்டேன். பெயர் எனக்குப் பெரிதில்லை என்று நினைக்காதீர்கள். பெரிதுதான். பற்றி எரிகிறது. அந்த ராகி அதைவிடப் பெரிது, அவ்வளவுதான்.

விதையை அனுப்புங்கள். அதற்குப் பிறகு நீங்கள் யாரோ, நான் யாரோ.

மாதேஸ்வரி


ஓசூர் ஆய்வகம்,
6 பிப்ரவரி 2024

என் அன்புக்குரிய மாதேஸ்வரிக்கு மாமாவின் நிறைந்த ஆசிகள். உன் உடம்பு சௌக்கியமா? வெயில் ஏறத் தொடங்கிவிட்டது, வயலுக்குப் போகும்போது தொப்பி போட்டுக்கொள். தர்ஷினி சித்தியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அறிக்கை வந்தது. மேலிடத்தில் எல்லாருக்கும் உன்மேல் மிகுந்த அனுதாபம். நீட்டிப்பு உத்தரவு இத்துடன் இருக்கிறது. நீ கேட்ட விதையும் இருக்கிறது. சுத்தம் செய்து நிறையவே அனுப்பியிருக்கிறேன். குடும்பத்துக்குள் ஆயிரம் இருக்கும், கோபத்தில் நானும் இரண்டு வார்த்தை அதிகமாக எழுதியிருப்பேன். மறந்துவிடு. நல்ல நாள் பார்த்து விதை.

என்றும் அன்புடன்,
மாமா


தேன்கனிக்கோட்டை வயல்நிலையம்,
2 ஏப்ரல் 2024

அக்காவுக்கு மாதேசு எழுதுவது. முட்டி எப்படி இருக்கிறது? தர்ஷினிக்குப் பரிட்சை முடிந்ததா? நான் இருக்கிறேன்.

நீ என்னோடு பேசி ஐந்து மாதமாகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. வாசப்படி மிதிக்காதே என்றாய், மிதிக்கவில்லை. அந்தக் கோபத்தையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள். இப்போது நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்.

மாமா எனக்கு விதை ராகி அனுப்பியிருந்தார். விதைத்தேன். ஒன்று தவறாமல் முளைத்தது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா அக்கா! கண்ணை இமை காப்பது மாதிரி பார்த்துக்கொண்டேன். போன மாதம் கணு விட்டது. கணுவெல்லாம் ஊதா. என் ராகிக்குக் கணு பச்சை. அதன் தாய்க்கும் தகப்பனுக்கும் பச்சை, பாட்டன் பூட்டனுக்கும் பச்சை. பச்சைக்கும் பச்சைக்கும் ஊதா பிறக்காது, அது எங்கள் தொழிலில் பால பாடம். இது கிருஷ்ணகிரி கடைத்தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கிற ராகி. மாமாவுக்கு மூன்று முறை எழுதிவிட்டேன், பதிலே இல்லை. தவறிப்போய்ப் பை மாறியிருக்கலாம்.

நவம்பரில், என்னைப் பெண் பார்த்த நாளையொட்டி, மாமா உங்கள் வீட்டுக்கு ராகிக் கதிர் ஏதாவது கொண்டு வந்தாரா? கொண்டு வந்திருந்தால் எங்கே வைத்தார்? பரணில் பார். கட்டிலுக்கு அடியில் பார். மொட்டை மாடியில் பார். மூட்டையாக வேண்டாம், ஒரு பிடி கிடைத்தால் போதும். பிடிகூட வேண்டாம், சாக்கின் மூலையில் நாலு மணி ஒட்டிக்கொண்டிருந்தாலும் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்து அனுப்பு. எதற்கு என்று கேட்காதே. உன் காலில் விழுகிறேன் அக்கா.

மாதேசு


ஓசூர்,
10 ஏப்ரல் 2024

அன்புத் தங்கச்சி மாதேசுக்கு அக்கா பூங்கொடி எழுதறது. உன்னாட்டம் இலக்கணமா எழுத எனக்கு வராது, பேசற மாதிரியே எழுதறேன். முட்டி பரவால்ல. தர்ஷினிக்குப் பரிட்சை முடிஞ்சு வூட்டையே ரெண்டு பண்றா. உன் லெட்டரு பாத்ததும் அழுகையா வந்துருச்சு. காலுல விழறேன்னு எல்லாம் ஏண்டி எழுதற? அன்னைக்கு சொந்தக்காரங்க முன்னாடி அம்மாவுக்குத் தலைகுனிவாப் போச்சேங்கற ஆத்தரத்துல வாசப்படிய மிதிக்காதேன்னுட்டேன். நான் சொன்னா நீ அப்படியே நின்னுடுவியா? லூசு. இந்த ஞாயித்துக்கெழமையே கெளம்பி வா.

நீ கேட்ட ராகி வந்துச்சு. தீவாளிக்கு முன்னாடி உங்க மாமா கார் டிக்கில ஒரு சாக்குக் கதிரு கொண்டாந்தாரு. பயிராவே புடுங்கிப் போட்ட மாதிரி, வேரும் மண்ணுமா இருந்துச்சு. உன் வயலுலேருந்துதான் வந்திருக்கும்னு நெனச்சேன். என்ன ஏதுன்னு கேட்டேன். "ஒண்ணுமில்ல, வுடு"ன்னு மாடிப்படிக்குக் கீழ தள்ளிட்டு மூஞ்சியத் திருப்பிக்கினு போயிட்டாரு. அதுக்கப்புறம் அதப் பத்தி ஒரு பேச்சும் பேசல. ஒரு மாசம் அங்கியே கெடந்துச்சு. எலி வேற நடமாட ஆரம்பிச்சிருச்சு. வூட்டுக்குக் கொண்டாந்த ராகி வேற எதுக்கு, சமைக்கத்தானேன்னு நானே மாடியில கொண்டு போயி காய வெச்சு, தட்டிப் பொடைச்சு, கார்த்திகை முடிஞ்ச கையோட மில்லுல குடுத்து அரைச்சுட்டேன். சாக்கையும் ஒதறித் தொவைச்சாச்சு. நீ எழுதுன மாதிரியே பரணு, கட்டிலு அடி, மாடி எல்லாம் பாத்துட்டேன். ஒரு மணியும் இல்ல.

அன்னைக்கு ராத்திரி களி கிண்டி உங்க மாமாவுக்கு வெச்சேன். கீழ கெடந்த உங்க ராகிதாங்கன்னு சொன்னேன். தட்டுல வெச்ச கைய அப்படியே எடுத்துக்கினாரு. கொஞ்ச நேரம் என்னியே பாத்தாரு. எந்திரிச்சுக் கைகழுவிட்டுப் போயிட்டாரு. உங்க மாமா குணம்தான் உனக்குத் தெரியுமே, எதுக்கு மொறைக்கறாருன்னு அவருக்கே தெரியாது.

அவரு சாப்புடாட்டி என்ன, நானும் தர்ஷினியும் ஆசையா சாப்புட்டோம். அடியே, சும்மா சொல்லல, நானும் பொறந்ததுல இருந்து ராகி தின்னவதான், இப்படி ஒரு ருசிய நான் கண்டதில்ல. கை ஒட்டாம, அப்படி ஒரு மணமா இருந்துச்சு. களியே தொடாத தர்ஷினி ரெண்டு தரம் வாங்கித் தின்னா. இத்தன வருசமா அந்தக் காட்டுல போயி என்னத்தடி பண்றேன்னு உன்னத் திட்டிக்கினே இருந்தேன். அன்னைக்குத்தான் எந்தங்கச்சி கெட்டிக்காரின்னு மனசுல பட்டுச்சு. உங்கிட்டச் சொல்ல ரோசம் வுடல.

உன் வயலு பூரா அந்த ராகிதான நிக்கும். அடுத்த தடவ அறுக்கறப்ப அக்காவுக்குன்னு ஒரு படி எடுத்து வெய்யி.

ஆசையோட,
பூங்கொடி